ஏலக்காய்ச் சீட்டும் கஞ்சி போட்ட பேண்டேஜும்

கை வலிக்கு வைத்தியம் பார்க்கிற தொழிலுக்கு இரண்டே தகுதி போதும்: "அந்தக் கைக்கு ரெஸ்ட் கொடுங்க" என்று சொல்லத் தெரியவேண்டும், சொன்னதை யாரும் கேட்காதபோது கோபப்படாமல் இருக்கத் தெரியவேண்டும். முதலாவது வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குக் கைவந்துவிட்டது. இரண்டாவது கடைசிவரை வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் தொடங்கிப் பல வருஷம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன கிளினிக்கில் பிசியோதெரபி பார்த்தேன். டாக்டர் ஊசி போடுவார், சீட்டு எழுதுவார். உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுப்பது, பட்டை கட்டுவது, திட்டுவது மூன்றும் என் இலாகா. தசையை எலும்போடு பிடித்துவைக்கிற தசைநாண், ஓயாமல் ஒரே வேலை செய்தால் புண்ணாகிவிடும். ஓயாமல் ஒரே வேலை செய்யாதவர் அந்த ஊரில் யார் இருந்தார்? முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிறீர்கள் என்றால் நீங்களும் நம்ம ஆள்தான், உட்காருங்கள்.

கஞ்சி போட்ட பேண்டேஜ்

மாரியப்பன் ஃபோர்ட் கொச்சிப் பக்கம் துணி துவைக்கிறவர், தமிழ்க்காரர். ஈரப் போர்வையைத் தூக்கிக் கல்லில் அடித்து அடித்து வலது முழங்கை போய்விட்டது. ரெஸ்ட் என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. அங்கே துவைக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கல் உண்டாம். அவருடையது தாத்தா காலத்துக் கல். "கல்லு சும்மா கிடந்தா என் பங்காளி ஏறி நின்னுடுவான் சிஸ்டர். ஏறினவனை எறக்க முடியாது" என்றார். சரி, மணிக்கட்டு அசையாமல் இருந்தால் முழங்கைக்குக் கொஞ்சம் நிம்மதி என்று அலுமினியப் பட்டையை வளைத்து, நல்ல கிரேப் பேண்டேஜைச் சுற்றி அனுப்பினேன்.

அடுத்த வாரம் பேண்டேஜ் கையில் இல்லை, காகிதப் பொட்டலத்தில் வந்தது. பிரித்தால் பளபளவென்று நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருக்கிறது! இழுத்தால் நீளவேண்டிய துணி அப்பளமாக நிற்கிறது. எந்தக் கையால் ஐயா இதெல்லாம் செய்தீர்கள் என்று கத்தினேன். பிறத்தியார் துணியை அழுக்காகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவர் வீட்டில் இல்லையாம்.

"வலது கையாலதான் சிஸ்டர். இடது கையில தேச்சா மடிப்பு வராது."

மாமியாருக்கும் ஒரு கட்டைவிரல்

பப்படம் செய்து விற்கிற கொங்கணிக் குடும்பம் ஒன்று பக்கத்துத் தெருவில் இருந்தது. உளுந்து மாவை இடித்துப் பிசைந்து உருட்டுவது மருமகள் வேலை. அந்தப் பெண்ணை மாமியாரே அழைத்துவந்தார், வைத்தியம் பார்க்க அல்ல, நடிப்பைக் கண்டுபிடிக்க. "கட்டைவிரல் வலியாம், மாவைக் கண்டா மட்டும் வருதாம்" என்று மலையாளத்தில் நீளமாகப் புகார் சொன்னார்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கவேண்டும். சாய்த்தேன், மருமகள் அலறினாள். மாமியார் உதட்டைச் சுழித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நல்ல கை வலிக்காது, இதோ பாருங்கள் என்று அவர் கையைப் பிடித்து அதேமாதிரி சாய்த்தேன். அம்மாடி! அந்த அலறல் எதிரே இருந்த மிளகுக் கிடங்குவரை கேட்டிருக்கும். கண்ணில் நீரோடு மாமியார் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருமகள்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு மாமியார் சொன்னார்:

"கல்யாணமாகி மாவு பிசைய ஆரம்பிச்ச நாள் முதல் இப்படித்தான். கைன்னா இப்படித்தான் இருக்கும்னுல்ல நினைச்சேன்!"

லேசான மூட்டை

கிடங்கில் மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளி ஒருவருக்கு, கொக்கியால் மூட்டையை இழுத்து இழுத்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. 'லேசான வேலை' என்று டாக்டர் சீட்டு எழுதினார். மறுநாள் யூனியன் தலைவர் சீட்டோடு வந்து நின்றார். லேசு என்றால் என்ன? சுக்கு மூட்டையா, மஞ்சள் மூட்டையா, தெளிவாக எழுதவேண்டும், இல்லாவிட்டால் கிடங்கில் தகராறு வரும் என்றார். டாக்டர் தலையைச் சொறிந்து, இருப்பதிலேயே கனம் குறைந்ததாகப் பார்த்து 'ஏலக்காய் மூட்டை மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போச்சு! அந்த வாரமே கிடங்குக் கூட்டம் முழுக்க எங்கள் வாசலில். ஒருவருக்கு மணிக்கட்டு, ஒருவருக்கு முழங்கை, ஒருவருக்கு எங்கே என்றே முடிவாகவில்லை. சிரிப்பாகத்தான் இருந்தது. அழுத்திப் பார்த்தால் பாதிப் பேருக்கு நிஜமாகவே வீங்கியிருந்தது. அதற்கப்புறம் சிரிக்க முடியவில்லை. கடைசியாக வந்த ஆஜானுபாகு மட்டும் இரண்டு கையையும் நீட்டிவிட்டு ரகசியமாகச் சொன்னார்:

"வலி எந்த எடத்துல இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க சிஸ்டர், அங்கயே வெச்சுக்கறேன். ஏலக்காய்னு எழுதினாப் போதும்."

ராஜம்மாவின் கை

மாரியப்பன் ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். வழி கிடைத்துவிட்டதாம். அவர் மனைவி ராஜம்மா கல்லில் நிற்கிறாராம். பங்காளி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டானாம். இனி நிம்மதியாக ரெஸ்ட்! நிஜமாகவே எடுத்தார். மெழுகு ஒத்தடத்துக்கு நேரம் தவறாமல் வந்தார், சொன்ன பயிற்சியெல்லாம் செய்தார். முழங்கை தேறிவிட்டது. மற்ற நோயாளிகளிடம் "அவரைப் பாருங்க" என்று டாக்டர் காட்டுகிற அளவுக்கு அவர் எங்கள் பெருமையாகிவிட்டார்.

மழைக்காலம் வந்தது. ராஜம்மா வந்தார், அதே வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு. சாயா கிளாஸைத் தூக்க முடியவில்லை. கூடவே மாரியப்பன், அனுபவஸ்தர் தோரணையில்: "ரெஸ்ட்தான் மருந்துன்னு சொல்லுங்க சிஸ்டர், நான் சொன்னா கேக்கமாட்டேங்கிறா. துவைச்சு முடிச்சதும் நல்லா ரெஸ்ட் எடுக்கலாமே."

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. உங்கள் கைதான் நன்றாக இருக்கிறதே, நீங்கள் போய்க் கல்லில் நில்லுங்களேன் என்றேன். மனிதர் தன் முழங்கையைப் பச்சைப்பிள்ளையைப்போலத் தடவிக்கொடுத்தார். ஒரு மூலையில் இன்னும் லேசாக இழுக்கிறதாம். "இதை நல்லாக்க நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க சிஸ்டர்! மறுபடி கல்லுல போட்டுக் கெடுக்க எனக்கு மனசு வருமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜம்மா கையை என் முன்னால் மேஜைமேல் வைத்தார், பட்டை கட்டச் சொல்லி. கட்டி முடித்தேன். மாரியப்பன்தான், "அப்ப கல்லு? நாளைக்கே பங்காளி ஏறிடுவானே!" என்று பதறினார். ராஜம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"ஏறட்டும். கல்லு உங்க வம்சத்தோடது. கை என்னோடது."

மறுநாள் விடியுமுன்னே மாரியப்பன் கல்லில் நின்றாராம். என் வைத்திய வாழ்க்கையில் மெழுகும் ஊசியும் இல்லாமல் ஒரே பேச்சில் பூரண குணமான முழங்கை அது ஒன்றுதான்.