அவிழ்த்த கை

டக்கார் துறைமுகத்தில் தண்ணீரில் இறங்கும் பிரெஞ்சுக்காரர்களின் கடல் விமானத்தை மிதவையில் கட்டுவதும் அவிழ்ப்பதும் மசம்பா ந்தோயின் வேலை. தபால் மூட்டைகளோடு பிரேசிலுக்குப் போகும் விமானம் அது. அவிழ்த்துவிட்டவன்தான் திரும்பக் கட்ட வேண்டும், அதுவரை அந்த மிதவையை யாரும் தொடக்கூடாது என்பது படகுக்காரர்களின் கறாரான வழக்கம். காய்ச்சலோடுகூட வந்து கட்டியிருக்கிறான்.

ஒருநாள் காலை கிளம்பிய விமானம் இஞ்சின் கோளாறென்று திரும்பி வந்தது. அவசர அவசரமாகப் பழுது பார்த்தார்கள். "மீன் சோறு எடுத்து வை மசம்பா, வந்து ஒரு பிடி பிடிக்கிறேன்" என்று சிரித்தபடி ஏறினான் மெக்கானிக் லூசியன். மசம்பா மறுபடியும் கயிற்றை அவிழ்த்தான். நண்பகலுக்குள் விமானத்திலிருந்து வந்துகொண்டிருந்த கம்பியில்லாத் தந்தி ஓய்ந்துபோனது.

தேடப் போன கப்பல்கள் வெறுங்கையோடு வந்தன. மசம்பா மட்டும் தினமும் மிதவையருகே போய்க் காத்துக் கிடந்தான். ஒருமுறை திரும்பி வந்ததுதானே!

ஒருநாள் வேறொரு விமானம் இறங்கி அதே மிதவையை நோக்கி வந்தது. மசம்பா தன் படகைக் குறுக்கே விட்டான்.

"கயித்தப் புடிடா!" என்று கரையிலிருந்து கத்தினார் துறை அதிகாரி.

"நான் அவுத்துவிட்டது இன்னும் வரல. வேற எங்கயாவது கட்டுங்க, போங்க!"

கூடப் படகிலிருந்த தம்பி யத்மா அவன் தோளைப் பிடித்தான். "அண்ணே, காத்து ஏறுது. பாறையில மோதிரும். உள்ள இருக்கிறவங்களும் மனுசங்கதானே?"

மசம்பா கயிற்றை வாங்கினான். முடிச்சு இறுகிய பிறகுதான் லூசியனுக்காக வாய்விட்டு அழுதான்.

அதன்பின் அவிழ்ப்பது யத்மாவின் வேலையானது. மசம்பா எத்தனையோ விமானங்களைக் கட்டினான். ஒன்றைக்கூட அவிழ்த்துவிடவில்லை.