மாடியறையிலிருந்து ஹாலுக்கு ஒரு வயர்

அறைக்குள் மேஜைமேல் ஓடுகிற கம்ப்யூட்டர் கேமை ஹாலில் இருக்கும் பெரிய டிவிக்குக் கொண்டுவந்து கொடுப்பது என் தொழில். தூரம் என்னவோ ஒன்றிரண்டு சுவர்தான், ஆனால் அந்தச் சுவர்களுக்கு நடுவே ஒரு குடும்பம் குடியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் இதைத் தொடங்கியபோது, இதற்கெல்லாம் தனியாக ஒரு ஆள் வேண்டுமா என்று மார்த்தாண்டத்தில் என் மச்சினனே சிரித்தான். வயரை இந்தப் பக்கம் சொருகு, அந்தப் பக்கம் சொருகு, தீர்ந்தது என்பது அவன் நினைப்பு. அடுத்தவர் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பல்லி முட்டைகளுக்கு நடுவே துளை தேடியிருக்கிற சகோதரர்களுக்கு உண்மை தெரியும். சொருகுவது சுலபம். சொருகி முடித்த பிறகு அந்த வீட்டார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அதோடு வண்டி ஓட்டி வீடு வந்து சேர்வதுதான் பாடு. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அதனால் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்படி நான் பதில் சொல்லாமல் வந்த சில பேச்சுகளை இங்கே எழுதுகிறேன்.

கழக்கூட்டத்தில் ஒரு நாற்காலி

ஐ.டி. பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். நாளெல்லாம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு போய்விட்டது, இனிமேல் சோபாவில் சாய்ந்துகொண்டுதான் விளையாடுவேன் என்று அவர் முடிவு செய்திருந்தார். மெஷினைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைக்கச் சொன்னார். கதவை மூடினால் அது தன் சூட்டிலேயே வெந்துபோகும் என்று புரியவைத்து, பின்பலகையை அறுத்துக் காற்றுக்கு வழி செய்தேன். பிறகு சோபாவை அந்த ஐம்பத்தைந்து இஞ்ச் டிவிக்கு நேராகத் திருப்பச் சொன்னார். திருப்பினால், சோபாவுக்கு எதிரே இருந்த ஒற்றை நாற்காலி டிவியை மறைத்தது. அந்த அம்மா காலையில் அதில் உட்கார்ந்து அவரோடு காபி குடிப்பது வழக்கமாம்.

அவர் கையில் பிடித்து விளையாடுகிற கேம்பேடின் உறையைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, இதை எங்கே போடட்டும் என்று கேட்டேன். அந்த அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“பால்கனில போட்டுருங்கண்ணே. எம் மூஞ்சியும் அம்பத்தஞ்சு இஞ்ச் இருந்திருந்தா உள்ளயே வச்சிருந்திருப்பாவ.”

விளையாட்டைப் பிடிக்காத கஸ்டமர்

என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் விளையாட்டுப் பைத்தியங்கள். கேம் என்ற சொல்லையே வெறுக்கிற ஒருவர் கூப்பிட்டது நகருக்குள் ஸ்ரீவராகத்தில்தான். லலிதா மாமி, ரிட்டயர்டு டீச்சர். மாமா தவறிப் பல வருஷமாயிற்று. ஒரே பிள்ளை கணேஷ் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இவனையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவன் மாடியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு மாமி இறங்கிவிட வேண்டும்; பிறகு தட்டு காலியாக வெளியே வந்திருக்கும். உள்ளே கேம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். இதையெல்லாம் மாமி விரலால் மாடியைக் காட்டிக் காட்டி ரகசியக் குரலில் சொன்னார்.

மாமியின் யோசனை இதுதான். கேமை ஹாலில் இருக்கும் பெரிய டிவிக்குக் கொண்டுவந்துவிட்டால், அதற்காகவாவது பிள்ளை கீழே இறங்குவான். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. பெரிய டிவியில் ஒரு தடவை விளையாடியவர்கள் சின்ன ஸ்க்ரீனுக்குத் திரும்பியதை நான் பார்த்ததில்லை. மேலே போய்க் கதவைத் தட்டி, மூடிய கதவிடமே விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து, “மெஷினைத் தொடக் கூடாது. வயர் வேணும்னா போட்டுக்கோங்கோ” என்று பதில் வந்தது. சரி, மெஷின் மாடியில், ஒரு நீள வயர் ஹாலுக்கு; இரண்டு இடத்திலும் ஒரே படம் தெரியும்; மனசு வந்தால் அவன் கீழே வந்து சோபாவில் உட்காரலாம் என்று தீர்மானமாயிற்று.

வாசல்வரை வந்த மாமி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்:

“தனியா இருந்துண்டு என்னத்தையாவது பண்ணிண்டுடுவனோன்னு பயமா இருக்கு தம்பி. என் கண் முன்னாடி இருந்து விளையாடினா போரும். ஜெயிக்கணம்னுகூட இல்லை.”

தலையும் வாலும் உள்ள வயர்

அவ்வளவு தூரத்துக்குச் சாதாரண செம்பு வயர் படத்தை ஒழுங்காகக் கொண்டுபோகாது. உள்ளே கண்ணாடி இழை ஓடுகிற வயர்தான் வேண்டும். அதில் ஒரு முனை மெஷினுக்கு, மறுமுனை டிவிக்கு; மாற்றிப் போட்டால் ஒன்றும் தெரியாது. தொழில் செய்கிற எங்களுக்கு இது அத்துப்படி. அத்துப்படி என்பதாலேயே பார்க்காமல் இழுப்போம். அந்த வீட்டுச் சுவர் பழைய காலத்துச் சுவர், கையகலத்துக்கும் மேல் கனம். துளைபோட்டு, கயிறு கட்டி, மாடிப்படி ஓரமாக வயரை இழுத்து முடிப்பதற்குள் சட்டை முழுக்கச் செம்மண் அப்பிவிட்டது. மாடிக்கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வந்து வயரின் முனையை வாங்கிக்கொண்டது. திரும்பக் கதவு மூடிவிட்டது.

டிவியில் சிக்னல் இல்லை. டிவியைத் திட்டினேன், ரிமோட்டைத் திட்டினேன், டிவி பழசு என்று மாமியிடம் சாதித்தேன். அப்போது மேலேயிருந்து குரல் வந்தது. “அண்ணா, டிவிக்குப் போகவேண்டிய முனையை என்கிட்ட தந்திருக்கேள். மாத்தி வலிச்சிருக்கேள்.” எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. எல்லாவற்றையும் உருவி எடுத்து மறுநாள் முதலிலிருந்து இழுக்க வேண்டும். மாமியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினால், அவர் மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மேலேயே பார்த்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது.

“போனாப் போறது தம்பி. இத்தனை மாசத்துல அவன் இவ்வளவு பேசினதே இல்லை. நாளைக்கும் இதே மாதிரி ஒரு தப்புப் பண்ணுங்கோ.”

பாறசாலையில் நின்ற லாரி

அடுத்து, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு லாரி டிரைவர். சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய் ஹாலில் கட்டிலோடு கிடந்தார். மகன் ஸ்டான்லி சும்மா இருக்கவில்லை. ஸ்டீயரிங்கும் லாரி ஓட்டுகிற ஒரு கேமும் வாங்கி, என்னைக் கொண்டு டிவியில் மாட்டிக் கொடுத்தார். பெரியவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஊர் ஊராக லோடு அடித்தார். பாதையில் குறுக்கே வருகிறவனை மலையாளத்தில் வைவார், தாளமாட்டாமல் போனால் தமிழுக்கு வருவார்.

ஒருநாள் காலையில் ஸ்டான்லி போன் பண்ணி, ஹாலில் இருக்கும் மெஷினையெல்லாம் உடனே அகற்ற வேண்டும் என்றார். போனபோது வாசலில் சர்ச் சபைக்காரர்கள் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவரின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. சவப்பெட்டி வைக்க ஹாலில் இடம் வேண்டும். டிவியைப் பார்த்தேன். மழை பெய்கிற ஒரு ரோட்டோரத்தில், விளக்குகள் எரிய, லாரி நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் மூச்சு முட்டி அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது யாரும் எதையும் அணைக்கவில்லை. நான் ப்ளக்கில் கை வைத்ததும் ஸ்டான்லி என் கையைப் பிடித்தார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் எரிச்சலூட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு எரிச்சலே வரவில்லை. அவர் கேட்டதைச் செய்ய, கரண்ட் இல்லாமலும் மெஷினை ஓடவைக்கிற என் யு.பி.எஸ்ஸை எடுத்துவரத் திரும்பி வண்டிக்குப் போனேன்.

“ஆஃப் பண்ணாம அந்த ரூமுக்கு மாத்த ஒக்குமாண்ணே? அப்பா வழியில நிறுத்தின வண்டி, அப்படியே நின்னுட்டுப் போட்டும்.”

ஆள் நடக்கிறானா

ஸ்ரீவராகத்து மாமி போனில் பதறினார். டிவியில் படம் அசையவில்லை, உடனே வரணம் என்றார். போய்ப் பார்த்தால் பழுது எதுவும் இல்லை. கணேஷ் விளையாட்டை நிறுத்திவிட்டு எங்கேயோ எழுந்துபோயிருக்கிறான், கேமில் இருக்கிற ஆள் ஒரு மலைச்சரிவில் சும்மா நிற்கிறான், அவ்வளவுதான். நான் அங்கே நிற்கும்போதே அந்த ஆள் மறுபடி நடக்க ஆரம்பித்தான். மாமி நெஞ்சில் கை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்புறம்தான் ஹாலைக் கவனித்தேன். சோபாவில் நான் வைத்துவிட்டுப் போன கேம்பேட் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. கணேஷ் ஒருநாளும் கீழே வரவில்லை. மாடியில் அவன் விளையாடுவதைக் கீழே மாமி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் பார்த்த சீரியல் எல்லாம் போயிற்று. டிவிக்கு எதிரே உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறார், தேங்காய் துருவுகிறார். அந்த ஆள் நின்றால் பிள்ளை சாப்பிடுகிறான் என்று கணக்கு. ஸ்க்ரீன் கறுத்தால் தூங்குகிறான். சாப்பிடும் நேரத்துக்கும் மேலே நின்றுகொண்டே இருந்தால், மாமி படியேறிப்போய் அறை வாசலில் காது வைத்து நிற்பார். பிள்ளையைக் கீழே கொண்டுவரப் போட்ட வயர் இப்படி ஆகிவிட்டது. டாக்டரைப் பார்க்கலாமே மாமி என்றேன். பார்த்துவிட்டாராம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொன்னாராம். கதவே திறக்காதவனை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? இந்த வயரைக் கழற்றிவிடட்டுமா என்று நான் கேட்டதும் மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கழட்டவா? கதவு திறக்கறதில்லை, போன் எடுக்கறதில்லை. எம் பிள்ளை உயிரோட இருக்கான்னு எனக்கு இந்த டிவி மாத்திரம்தான் சொல்றது. இது நின்னுபோனா ஓடி வரணம், கேட்டேளா.”

துலாமாசத்து இடி

இந்த ஊரில், நம் ஐப்பசியான துலாமாசத்து மத்தியானங்களில் வானம் கறுத்தால் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதல் உறுமலுக்கே எல்லா வீட்டிலும் கை ப்ளக்குக்குப் போய்விடும். டிவி, கேபிள் பெட்டி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மழை விடும்வரை சும்மா இருப்பார்கள். லலிதா மாமி பிறந்ததிலிருந்து இப்படித்தான் செய்துவந்தவர். அன்றைக்குச் செய்யவில்லை. பிடுங்கினால் பிள்ளை கண்ணுக்குத் தெரியமாட்டானே. பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. கேபிள் டிவி வயர் வழியாக வந்து மாமியின் டிவியைப் பொசுக்கிவிட்டது. வீடு அதிர வெடித்ததாம்.

மறுநாள் காலை வேறொரு டிவியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது தாடியும் குழிந்த கன்னமுமாய் ஒரு பையன். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “வாங்கோண்ணா” என்றான். குரலை வைத்துத்தான் கணேஷ் என்று தெரிந்துகொண்டேன். டிவி வெடித்த சத்தத்தில் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று படிகளில் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தானாம். மாமி சமையலறையில் இருந்தார். டம்ளர் உருளுகிற சத்தமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. கருகிய டிவியை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை அவன் பிடித்தான். எனக்கோ அவன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. என்னத்தையாவது பேசவேண்டுமே என்று, “அது என்ன தம்பி கேமு, சண்டையுமில்ல ஒண்ணுமில்ல, அந்த ஆளு எப்பப் பாத்தாலும் சும்மா நடந்துட்டே இருக்கான்” என்றேன். அவன் சமையலறைப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“அந்தக் கேம் முடிஞ்சு மாசக்கணக்காச்சு அண்ணா. எனக்கு விளையாட எல்லாம் தோணறதே இல்லை. அவன் செத்த நேரம் நின்னா போரும், படில அம்மா ஏறி வர சத்தம் கேக்கும். முழங்கால் வலியோட ஏறறா, பாவம். அதுக்காகத்தான் அவனை நடக்க விட்டுண்டே இருந்தேன்.”

படம் வருகிறதா என்று பார்ப்பதோடு என் வேலை முடிந்தது. அந்தப் படத்தை யார் யாருக்காக ஓட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றால், இந்தத் தொழிலில் ஒரு வீட்டைவிட்டும் கிளம்ப முடியாது.