சனிக்கிழமை மாத்திரை

செய்தித்தாள் வேலையை விட்ட பிறகு சில மாதங்கள் ஓர் ஆய்வுக்காக மொரப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போனேன். கருத்தடை முறைகளைப் பெண்கள் எவ்வளவு தன்னம்பிக்கையோடு பயன்படுத்துகிறார்கள் என்று அளப்பது வேலை. பத்துக்கு எத்தனை என்று எண்ணால் கேட்டால் பலரும் விழித்தார்கள். அதனால் ஏணி வரைந்த அட்டையைக் காட்டுவோம். துளியும் நம்பிக்கை இல்லையென்றால் கீழ்ப்படி, முழு நம்பிக்கை என்றால் மேல்படி. கேள்விகள் முடியும்வரை நாங்கள் எதையும் திருத்திச் சொல்லக் கூடாது.

ஓர் ஊரில் இளம்பெண் ஒருத்தி மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பேசினாள். மாமியார் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் தர்மபுரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்னொரு பிரசவம் உயிருக்கு ஆபத்து என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்பவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருக்கலாமேம்மா?" என்றேன்.

"பையன் பொறக்கட்டும்னுட்டாங்க. எங்கத்தைக்கு நான் செத்தாலும் பரவாயில்லீங்க, பேரனைக் குடுத்துட்டுச் சாவணும்." சிரித்தாள்.

வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிட்டுவந்தாள். மறக்காமல் சாப்பிட முடியுமா என்று கேட்டேன். விரலை மேல்படியில் வைத்தாள். ஒளித்து வைத்துக்கொள்ள முடியுமா? மேல்படி. கணவர் வேண்டாம் என்றாலும் தொடர முடியுமா? அதற்கும் மேல்படி. அந்த ஊரில் எல்லாக் கேள்விக்கும் விரலை இறக்காதவள் அவள் ஒருத்திதான்.

முடிந்ததும் மாத்திரை அட்டையை எடுத்துவந்து காட்டினாள். போன மாதம் வாங்கியது. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"அவரு பெங்களூர்ல பேக்கரி வேலைங்க. சனிக்கிழமை வருவாரு, திங்கக்கிழமை விடிய போயிருவாரு. அவரு இருக்கற நாளுக்குத் தப்பாம போட்டுருவேன். ஆளே இல்லாத நாளுக்கு எதுக்குங்க, வீணாத்தான போவும்?"

அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் சாப்பிட்டால்தான் அது வேலை செய்யும் என்றேன். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நாள் தள்ளிப் போயிருக்குதுங்க. ஒடம்புச் சூடுன்னு வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சிட்டிருக்கறேன்."

சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் சிறுநீரைச் சோதித்தார். இரண்டு கோடு.

"இன்னும் நாளிருக்குதும்மா. நாளைக்கே தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போ. கலைச்சிரலாம். உன் கையெழுத்து மட்டும் போதும்."

"வூட்ல கேக்காம எப்படிங்கக்கா?"

"கேட்டா விடுவாங்களா?"

அவள் சின்னவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் குழந்தை தூங்கிவிட்டது. அதன் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்: "பையனா இருந்துட்டா அப்பறம் ஆபரேஷனுக்கு விட்டுருவாங்க இல்லீங்க?"

டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"அது தெரியுமுங்க."

அவள் ஊர் பஸ் முதலில் வந்தது. யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் எதிர்ப்பக்கம் போய் தர்மபுரி பஸ்ஸுக்கு நின்றேன்.