நல்ல தண்ணியில் குளித்த கார்

ஊர்காவற்றுறையில் கிணறுகளுக்குக் குறைவில்லை, குடிக்கிற தண்ணீருக்குத்தான் பஞ்சம். எங்கள் வளவுக் கிணற்றுக்கு மட்டும் 'நல்ல தண்ணிக் கிணறு' என்று பெயர். விடியவே அயல் வீட்டுப் பெண்கள் குடங்களோடு வந்துவிடுவார்கள். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஐயாவுக்கு அதைவிடக் கூட. வள்ளமும் வலையும் வைத்திருந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். நல்ல தண்ணி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அக்காவுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியபோது ஐயா ஒரு கார் வாங்கினார். வெளிநாட்டிலிருந்து புதுக் கார்கள் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. பழைய காருக்கே ஆட்கள் ஆலாய்ப் பறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு டாக்குத்தர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கறுப்புக் கார் எப்படியோ ஐயாவின் கைக்கு வந்தது. கதவில் முகம் பார்க்கலாம். சீதனத்தில் அதுவும் சேர்த்தி என்று தரகரிடம் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான் என்கிற மனிதர். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்வரை அந்தக் கார் அப்படியே இருக்க வேண்டும்.

கடற்காற்றுக்கு இரும்பு ஆகாது என்று ஐயாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நங்கூரம் துருப்பிடித்து, அதைக் கறள் தின்பதைப் பார்த்தே வளர்ந்தவர். அதனால் நாள் தவறாமல், பொழுதுபடுகிற நேரத்தில், கிணற்றடியில் நிறுத்திக் காரைக் குளிப்பாட்டினார். சக்கரத்துக்கு உள்ளே, கதவுகளுக்குக் கீழே, ஓர் இடம் விடமாட்டார். கோடையில் மற்றவர்கள் குடத்துக்கு வரிசையில் நிற்க, கார் மட்டும் தலை முழுகிக்கொண்டிருக்கும். ஊர் வாய் சும்மா இருக்குமா? "குடிக்கத் தண்ணி இல்லாத ஊரிலை காருக்கு முழுக்காட்டு" என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு வருடம் ஆகவில்லை, கதவின் அடியில் பெயின்ற் அப்பளம் மாதிரிப் பொங்கியது. நகத்தால் தொட்டால் உதிர்ந்து, உள்ளே செம்மஞ்சளாகக் கறள் தெரிந்தது. ஐயா முதலில் டாக்குத்தரைத் திட்டினார். சுரண்டிப் பெயின்ற் அடிப்பித்தார். மறுபடி பொங்கியதும் பெயின்ற் அடித்தவரைத் திட்டினார். அம்மா கண்ணூறு பட்டுவிட்டது என்றார். மாதா கோயில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்துச் செபித்தார். கோயிலுக்கும் தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்துதான் போகும். கறள் மட்கார்ட்டுக்கும் ஏறியது. கறள் ஏற ஏற ஐயா கழுவுவதைக் கூட்டினார்.

மாப்பிள்ளை வீட்டார் இளவாலைப் பக்கம், செம்மண் ஊர். அவர்கள் வருவதற்கு முன் ஐயா மூன்றாம் முறையாகப் பெயின்ற் அடிப்பித்து, காரை முற்றத்தில் வேப்பமரத்தின் கீழ் நிறுத்தினார். பார்க்கப் புதுக் கார்தான். தரகருக்கு வாயெல்லாம் பல். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளையின் தாய் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"குறை நினையாதேங்கோ. சீனியெண்டு உப்பைப் போட்டிட்டியளோ?"

அக்காவின் முகம் செத்துப்போனது. அம்மா அந்தக் கோப்பையை வாங்கிக் குடித்துப் பார்த்தார். "இல்லையே, நல்லாத்தானே இருக்கு. இது எங்கடை நல்ல தண்ணியிலை போட்டது."

மாப்பிள்ளையின் தகப்பனும் குடித்துப் பார்த்தார். "ஓம், உப்புத்தான்" என்றார். கேலியாக அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஐயா கோப்பையைப் பார்க்கவில்லை. வெளியே காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரம்பரையாக அந்தத் தண்ணீரையே குடித்து எங்கள் நாக்கு மரத்துப்போயிருந்தது, இரும்புக்கு மரக்கவில்லை. அவர் மெல்லிய குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"ஒரு கதை சொல்லவேணும். அந்தக் காருக்கு மேலைதான் பெயின்ற், உள்ளுக்கு முழுக்கக் கறள். ஆர் ஆரையோ ஏசினன். நான்தான் உப்புத் தண்ணியாலை குளிப்பாட்டிக் குளிப்பாட்டிப் பழுதாக்கியிருக்கிறன்."

தரகர் தலையில் கை வைத்தார். "நுணலும் தன் வாயாலை கெடும் எண்டு சும்மாவே சொன்னவை" என்று முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்துபோய்க் கதவின் அடியைப் பெருவிரலால் அமத்தினார். ஒரு செதில் கழன்று விழுந்தது. கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"எங்கடை கிணத்துத் தண்ணிக்கு உது திருந்தும். பிள்ளையும் வரட்டும், காரும் வரட்டும்."

அம்மா அழுதார். ஐயா வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கலியாணம் நடந்தது. இளவாலையில் கறளை வெட்டி, தகடு வைத்து, பெயின்ற் அடித்தார்கள். அந்தப் பெயின்ற் நின்றது.

சில மாதம் கழித்து அக்காவும் அத்தானும் அதே காரில் வந்தார்கள். அக்கா வந்த களைக்குத் தானே மூக்குப்பேணியில் தண்ணீர் வார்த்துக் குடித்தாள். பாதியில் நிறுத்தி, "சீ, என்ன உப்பு!" என்றாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அக்கா நினைக்கத்தான் செய்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஐயா அவளுடைய மூக்குப்பேணியை வாங்கி, மிச்சத்தைக் குடித்தார். "எனக்குத் தெரியேல்லை, பிள்ளை" என்றார்.

புறப்படுகிற நேரம் அத்தான் தெருப் புழுதி படிந்த காரைக் காட்டி, கழுவ ஒரு வாளி கேட்டார். நான் கிணற்றடிக்குப் போகத் திரும்பினேன். ஐயா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அத்தானிடம் சொன்னார்.

"இஞ்சை வேண்டாம், தம்பி. வீட்டை போய் நல்ல தண்ணியிலை கழுவுங்கோ."