தளவாய் வீட்டுக் கார்ப்பெட்

“எங் கையில போவாத கறை பம்பாயில இன்னும் பொறக்கலை. அரபிக் கடலையே கொண்டாந்து போடுங்க, சாயங்காலத்துக்குள்ள வெளுத்து இஸ்திரி போட்டுத் தாரேன்!”

மாட்டுங்காவில் ஒரு லாண்டரியில் கறை மாஸ்டராக இருக்கும் தளவாய் இந்தப் பிரகடனத்தை வெளியிட்ட இடம், தாராவியில் அவருடைய சொந்த வீடு. மகன் வெங்கடேஷுக்குக் கல்யாணம் முடிந்து, மருமகள் பிரேமலதா முதன்முதலாக உள்ளே நுழைந்த வேளை. அரபிக் கடல் வரை போகவேண்டி வந்ததற்குக் காரணம், சற்றுமுன் கவிழ்ந்திருந்த ஆரத்தித் தட்டு.

ஆரத்தியை வாசலில் எடுத்துத் தெருவில் ஊற்றுவதுதான் முறை. அன்று மழை. தவிர, தளவாய் வீட்டுச் சந்தில் ஒருவர் குடை விரித்தால் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறக்க முடியாது. ஆகவே ஆரத்தி வீட்டுக்குள் குடிபெயர்ந்தது. உள்ளே, கல்யாணத்துக்காக விரித்த சந்தன நிறக் கார்ப்பெட். யாரோ சலவைக்குப் போட்டுவிட்டு வாங்க வராமலே போனது. “அசல் பருத்தி தளவாய், பையன் கல்யாணத்துக்கு நம்ம பரிசா இருக்கட்டும்” என்று லாண்டரி முதலாளி முகம்மது ஹனீப் தூக்கிக் கொடுத்திருந்தார்.

போட்டோக்காரர் “ஆன்ட்டி, ஏக் பார் அவுர்” என்றார். தளவாயின் மனைவி சண்முகவடிவு படத்துக்காக இன்னொரு சுற்றுச் சுற்றினாள். தட்டு சாய்ந்து கார்ப்பெட்டின் ஓரத்தில் கொட்டியது. அதே கணத்தில் கூட்டம் ஒரே குரலில், “வலது காலை எடுத்து வச்சு வாம்மா” என்றது. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தக் குளத்தில் வலது காலை வைத்து, அடுத்த எட்டில் அதைக் கார்ப்பெட்டின் நடுவில் பதித்தாள். ஓரத்தில் ஒரு பெரிய திட்டு, நடுவில் ஐந்து விரலோடு ஒரு காலடி.

“ஆரத்தியே கவுந்துட்டே. இனி என்னென்ன கவுரப் போவுதோ” என்று எதிர்வீட்டு விஜயலட்சுமி மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகச் சொன்னால் சயான் ஸ்டேஷன் வரை கேட்கும். பிரேமலதா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் தளவாய் கடலைத் துணைக்கு இழுத்தார்.

அவர் யார் என்று தெரிந்தால்தான் அந்தப் பேச்சின் கனம் தெரியும். தளவாய்க்கு மனிதர்கள் முகத்திலிருந்து தொடங்குவதில்லை, காலரிலிருந்து தொடங்குகிறார்கள். “அந்தச் சட்டைப் பையில மை ஒழுகுமே, அவரு” என்றுதான் பாதி மாட்டுங்காவை அடையாளம் சொல்லுவார். கல்யாணப் பந்தியில் அவருக்கு எதிரே உட்கார்ந்து ரசம் குடிக்க யாருக்கும் தைரியம் வராது. அவர் தம் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. சாயக்காரர்களை அவருக்கு ஆகாது. “அவனுவ போடுதவன், நான் எடுக்கவன்” என்று உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்.

மஞ்சள் கறையின் குணமும் அவருக்கு அத்துபடி. சோப்பைக் கண்டால் அது சிவப்புக் கட்சிக்குத் தாவும். எலுமிச்சம்பழத்தைக் கண்டால் தாய்க் கட்சிக்குத் திரும்பும். வெயிலிடம் மட்டும் டெபாசிட் இழக்கும். நல்ல வெயிலில் ஒரு பகல் கிடந்தால் மஞ்சள் தானே போய்விடும் என்பதை அவர் வாடிக்கைக்காரர்களிடம் சொல்வதில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சொல்லி என்ன, மும்பையின் மழைக்காலத்தில் வெயிலுக்கு நீண்ட விடுப்பு.

ஆடி நெருங்கியது. கல்யாண் நகரிலிருந்து சம்பந்தி வீட்டார் பெண்ணை அழைத்துப் போக வரப்போகிறார்கள். ஐரோலி ஆபீசிலிருந்து வந்ததும் பிரேமலதா அந்தத் திட்டின்மேல் ஸ்டூலை நகர்த்தி வைப்பாள், காலடியின்மேல் லேப்டாப் பையை வைப்பாள். ஒரு நாள் காலையில் மாமியாரிடம் கேட்டாள்:

“அத்தை, அம்மா வரும்போது இதை மடிச்சு வச்சுரலாமா?”

“மடிச்சு எங்க வைக்க? உன்னையும் என்னையும் மடிச்சாத்தான் இந்த வீட்ல எடம் கிடைக்கும்.”

“எதிர்வீட்டு அக்கா அம்மாகிட்டயும் அதையே சொல்லிட்டாங்கன்னா?” பிறகு விளையாட்டுபோலக் கேட்டாள். “ஆடி முடிஞ்சதும் என்னைத் திருப்பிக் கூப்பிடுவீங்கல்ல?”

சண்முகவடிவு சிரித்துவிட்டாள். சட்டை மாட்டிக்கொண்டிருந்த தளவாய் சிரிக்கவில்லை. ஒரு பொத்தானைத் தப்பான துளையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். இதுவும் சரித்திரத்தில் இல்லாதது.

ஞாயிற்றுக்கிழமை லாண்டரியிலிருந்து ஒரு பாட்டில் வெளுப்பு மருந்து வந்தது. கடையில் பிறருடைய துணி என்றால் ஓர் ஓரத்தில் சொட்டு வைத்து, பார்த்து, யோசித்து, பிறகுதான் கை வைப்பார். இது சொந்த மருமகளுடைய கறை. நிதானம் எங்கிருந்து வரும்? பெரிய திட்டில் மொத்தமாக ஊற்றினார். மஞ்சள் போனது. அதோடு சந்தன நிறமும் போனது. ஆரத்தி இருந்த இடத்தில் இப்போது பெரிய தோசை அளவில் ஒரு வெள்ளை.

சண்முகவடிவு இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். “ஏங்க, அரபிக் கடல் வத்திட்டோ?”

“வாயை மூடுளா.”

“அதான் பாட்டில் வாயைத் தொறந்துட்டீங்களே.”

வெங்கடேஷ், “சோட் தோ பப்பா, விடுங்க, புதுசு வாங்கிக்கலாம்” என்றான். பெற்றவர்கள் இருவரும் சேர்ந்து முறைத்ததில் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அப்போது பிரேமலதா மெல்ல, “மாமா, தப்பா நினைக்கலைன்னா... துணிச் சாயம் போட்டு டிசைன் பண்ணிரலாமா? வீடியோல பார்த்தேன்” என்றாள். எடுக்கிறவர் வீட்டில் போடுகிறவர்களின் சரக்கு. வேறு யார் சொல்லியிருந்தாலும் வீடு இரண்டுபட்டிருக்கும். தளவாய் வெள்ளைத் திட்டைப் பார்த்தார், “ம்” என்றார்.

தாதரில் அரக்கும் நீலமுமாகச் சாயப் பாக்கெட்டுகள் வாங்கி வந்தாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கரைத்து, சந்து முனை சைனீஸ் கடையில் இரவல் வாங்கிய சாஸ் பாட்டில்களில் நிரப்பினாள். நனைத்த கார்ப்பெட் வீடு முழுவதையும் பிடித்துக்கொண்டதால் குடும்பம் கட்டிலுக்கு இடம்பெயர்ந்தது. சண்முகவடிவு அங்கிருந்தே வெங்காயம் உரித்தாள். தளவாய் சுவரைப் பார்த்துத் துக்க வீட்டுக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

பிரேமலதா வெள்ளைத் திட்டில் ஒரு பூவைத் தொடங்கினாள். சாயம் கோட்டைத் தாண்டிப் பரவியது. சுவரைப் பார்த்தபடியே தளவாய் சொன்னார்: “நடுவுல ஊத்தாத. ஓரத்துலேருந்து உள்ள வா.”

“எப்படி மாமா?”

“ஓரத்தைப் பிடிச்சாத்தான் பரவாது. கறைக்கு அதான் சட்டம்.”

“சாயத்துக்குமா?”

அவர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, பாட்டிலை வாங்கிக்கொண்டார். இத்தனை காலம் கறைகளைச் சுற்றிச் சுற்றி வந்த கை. ஓர் இதழைச் சுற்றி வருவதா பெரிது? அவர் வெளுத்த இடம்தான் சாயத்தை ஆசையாகக் குடித்தது. அரக்கு நிறப் பூ மற்ற எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று எழுந்தது. அதிலிருந்து ஒரு நீலக் கொடி புறப்பட்டது.

“இவரு போடுதவனா ஆயிட்டாரே” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“வெங்காயத்தைப் பாரு” என்றார் தளவாய், தலை நிமிராமல். கொடி நடுவுக்கு வந்து, காலடிக்குப் பக்கத்தில் தயங்கி, அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, மறுநாள் காலை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய் அலசினார்கள். சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். மழை விட்டிருந்தது.

பிரேமலதா குனிந்து பார்த்தாள். “பூ சூப்பரா வந்திருக்கு மாமா. ஆனா இந்தக் கால் மட்டும் அப்படியே இருக்கே. இதையும் எடுத்துருங்க.”

“அது போவாதும்மா.”

“போகாதா? உங்க கையிலயா?”

“எங் கையாலதான். பார்த்துட்டேன். முடியலை.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை ஈரக் கார்ப்பெட்டில் அந்தக் காலடியின்மேல் வைத்துப் பார்த்தாள். விரலுக்கு விரல் சரியாக இருந்தது.

“எதிர்வீட்டு அக்கா கேட்டா, மாமாவாலயே முடியலைன்னு சொல்லட்டுமா?”

“சொல்லு. கல்யாண்லயும் சொல்லு.”

அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே அவள் படியிறங்கிப் போனாள்.

மேகம் விலகிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் பக்கமிருந்து வெயில் வந்து, பூவைத் தாண்டி, கொடி வழியாக நடுவுக்கு நகர்ந்தது. தளவாய் ஒருமுறை வானத்தைப் பார்த்தார். காலடி இருந்த பக்கத்தை உள்பக்கமாக மடித்து, கனத்த ஈரக் கார்ப்பெட்டைத் தொட்டியின் நிழலுக்கு இழுத்துப் போனார்.