நூறு சஹன் படை

வாப்பா நடத்திய போரைப் போல மந்தமான போர் சரித்திரத்திலேயே இருந்திருக்காது. சவுதியில் சமையல் வேலை பார்த்த அவர், அந்த முறை லீவில் ஏர்வாடிக்கு வந்தபோது ஒரு கம்ப்யூட்டரும், ராஜா காலத்துக் கோட்டைகளைப் பிடிக்கிற கேம் ஒன்றும் வாங்கி வந்தார். அவர் திரும்பிப் போவதற்குள் எதிரிக் கோட்டையைப் பிடித்தே தீருவது என்று ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு ஒரே வைராக்கியம்.

முதல் நாளே சண்டை வந்தது, எனக்கும் கேமுக்கும். பாடப் புத்தகத்து ராஜாக்கள் ஆயிரம் ஆயிரமாகப் படை திரட்டினார்கள்; இங்கே நூறு பேருக்கு மேல் சேர்க்க விடவில்லை. "சுத்தப் பொய் வாப்பா இது!" என்று மவுஸைத் தள்ளிவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவோம்; அதுதான் சஹன். விருந்துக்கு எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை சஹன் என்றுதான் கேட்பார்கள். வாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஸ்கிரீன்ல நிக்கிறது ஆளு இல்ல புள்ள, ஒரு சஹன். நூறு சஹன்னா ஐநூறு பேரு. போதுமா?"

பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டேன். "அப்ப ஒருத்தன் செத்தா அஞ்சு பேரு மௌத்தா வாப்பா?" என்றும் கேட்டுவைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அதோடு நின்றது போர். வாப்பா வயல் போட்டார், ஆடு வளர்த்தார், கிணறு வெட்டினார். தாக்கலாம் என்றால், "இத்தனை பேருக்கும் சோறு வேணாமா? நாளைக்குப் பாப்பம்" என்பார். "அங்கனயும் சமையல், இங்கனயும் சமையலா?" என்று உம்மா சிரிப்பார். இப்படியே லீவும் முடிந்தது. கிளம்புகிற அன்று, "அப்படியே சேவ் பண்ணி வையி. அடுத்த லீவுல பாத்துக்குவோம்" என்றார்.

எனக்கா பொறுமை! மறுநாளே மொத்தப் படையையும் ஏவினேன். அரை மணி நேரத்தில் கோட்டை என் கையில். வெள்ளிக்கிழமை வாப்பாவின் போன் வந்ததும் கத்தினேன்: "ஜெயிச்சாச்சு வாப்பா! ஏழு சஹன் மிச்சம்!"

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன் புள்ள," என்றார். "முடிச்சிட்டியா?"

அத்தனை பேரைச் சாகடித்ததற்குத்தான் வருத்தம் போல என்று நினைத்து, "கேம்தான வாப்பா, அழுவாதீங்க" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை நான் அவரைத் தேடுவதற்கென்று ஒரு போரை அவர் முடிக்காமல் வைத்துவிட்டுப் போனதுதான் தெரியாது.