பதினாலாவது இடத்தில் போட்ட காலேஜ்

லேமினேஷன் மெஷினில் பிளாஸ்டிக் சூடாகும் வாசனை இருக்கிறதே... அது மூக்கில் ஏறினாலே எனக்கு கவுன்சலிங் நாள்தான் ஞாபகம் வருகிறது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர். ஃபேன் சுற்றும், காற்று வராது. பிளஸ் டூ முடித்த பாதி ஊர் அங்கேதான் நின்றது. ஆளுக்கொரு ஃபைல், ஃபைலுக்கொரு அப்பா.

என் பக்கத்தில் நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை.

அவர் ஒரு முடிவோடு வந்திருந்தார். மில் ஃபோர்மேன் சொன்ன காலேஜ். தெற்கே, ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய சின்ன ஊர். மெட்டலர்ஜி என்றால் அந்த காலேஜ்தான் என்று ஃபோர்மேன் அடித்துச் சொல்லியிருந்தார். நைனா அதோடு விடவில்லை. லீவு போட்டுத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஊருல ஒண்ணுமே இல்லடா. ரெண்டு டீக்கடை, ஒரு சினிமா கொட்டா, அவ்ளோதான். ஆனா காலேஜுக்குள்ள ஒலை வச்சிக்கீறாங்க. பசங்களே இரும்ப உருக்கி ஊத்திக்கினு கீறானுங்க. ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினே இருந்தேன், டைம் போனதே தெரில."

"ஏன் நைனா, மில்லுல பாக்குற நெருப்பு பத்தலையா ஒனக்கு? லீவு போட்டு வேற போய் பாக்குற?"

சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார். எனக்கு அதுதான் வசதி.

அவருக்கு வேண்டியது உலை. எனக்கு வேண்டியது உலா.

அதனால் கவுன்சலிங்கில் நான் போட்ட சாய்ஸ் லிஸ்ட் வேறு, எல்லாமே சிட்டி காலேஜ். மால் பக்கத்தில் இருக்கும் காலேஜ் முதலிடம். பீச்சுக்கு ஒரே பஸ்ஸில் போகலாம் என்றால் ரெண்டாமிடம். வாசலிலேயே மெட்ரோ, மூணாமிடம். இப்படியே பதிமூன்று. கோர்ஸ்? வந்தது வரட்டும்...

சென்டரில் டைப் அடிக்கும் அக்கா ஒரு தடவை எச்சரித்தார். "தம்பி, மேல போடுறததான் மொதல்ல பாப்பாங்க. அது கெடச்சிட்டா கீழ கீறது எதுவும் வராது. பாத்துப் போடு."

பார்த்துத்தான் போட்டேன். நைனாவின் காலேஜ் பதினாலாவது.

நைனாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. குனிந்து ஸ்கிரீனைப் பார்த்தார்.

"நம்ம காலேஜு எங்கடா கீது?"

முதல் வரியில் விரலை வைத்தேன். "இதோ... ஃபர்ஸ்ட்டே அதான் நைனா."

"பேரு பெருசா கீதே," என்றார், பெருமையாக. ஓடிபி வந்த தன் போனை என்னிடம் நீட்டினார். லிஸ்ட்டை லாக் செய்தேன். அக்கா என்னையே பார்த்தார். நான் கண்ணடித்தேன்.

அலாட்மென்ட் வந்தது. முதல் சாய்ஸே கிடைத்துவிட்டது. மால் காலேஜ், மெக்கானிக்கல். கண்ணாடி முன் ரெண்டு தடவை சோகமாக நின்று பார்த்துவிட்டு நைனாவிடம் போனேன்.

"கெடைக்கல நைனா... மார்க்கு பத்தல."

 நைனா என் முதுகைத் தட்டினார். "உடுடா. நீ இன்னா பண்ணுவ? நல்லாத்தான் படிச்ச." அன்றைக்கு பிரியாணி வாங்கி வந்து, தன் பொட்டலத்தில் இருந்த பீஸையும் எனக்கே வைத்தார். கூச்சமே இல்லாமல் தின்றேன்.

அப்புறம் ஊரெல்லாம் சொன்னார். ஃபோர்மேனிடம், மளிகைக் கடையில், எளாவூர் சித்தப்பாவிடம்... "பையன் பாவம், மார்க்குல போயிட்ச்சி." ஒவ்வொரு தடவையும் எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னார். எனக்குள் சிரிப்பு.

சிட்டி லைஃப் எப்படி இருந்தது என்கிறீர்களா? மாலுக்கு மூன்று தடவை போனேன். அதன் பிறகு சிட்டி லைஃப் என்றால், தினமும் காலேஜ் போகும் வழியில் பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னலில் நிற்கும் ரயிலில் ஒற்றைக் காலில் நிற்பது. லேபில் மெஷின்கள் உறை போட்டுத் தூங்கும். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுவோம். மெஷினைத் தொடாமலே ஃபுல் மார்க்.

போன மாதம் நைனாவின் மில்லுக்கு ட்ரெயினிங் வந்தான் இன்பராஜ். நான் பதினாலாவதாகப் போட்ட அதே காலேஜ், அதே மெட்டலர்ஜி, என் பேட்ச். ஞாயிற்றுக்கிழமை நைனா அவனைச் சாப்பிடக் கூட்டிவந்தார். பையன் உலையைப் பற்றிப் பேசப் பேச, நைனா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் அமர்ந்து, பாதி வார்த்தை புரியாமல் தலையாட்டினேன்.

"எம்புள்ளையும் அங்கதான் வர வேண்டியவன்ப்பா. மார்க்கு பத்தல," என்றார் நைனா.

இன்பராஜ் நிமிர்ந்தான். "மார்க்கா? எங்க கோர்ஸுல சீட்டே ஃபில் ஆகலையே அங்கிள். யாரு கேட்டிருந்தாலும் குடுத்திருப்பாங்க. இன்னும் எங்க கிளாஸ் பாதி காலியாத்தான்..."

என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. மீன் துண்டு ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

"கம்ப்யூட்டர்ல ஏதாவது தப்பாயிருக்கும்," என்றார். "நீ சாப்புடு."

  அவன் போன பிறகாவது கேட்பார், ஒரு அறை விடுவார் என்று காத்திருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

முன்பெல்லாம் யாராவது என் படிப்பைப் பற்றிக் கேட்டால், நான் சொன்ன பொய்யை நைனா வருத்தத்தோடு சொல்வார். இப்போதும் கேட்கிறார்கள்.

"அவனுக்கு சிட்டிதான் புடிச்சிது," என்கிறார். அவ்வளவுதான்... கோபம்கூட இல்லை.